நல்லா செவப்பா வந்திருக்கு

புதுக்கோட்டையில் பிளக்ஸ் அடிக்கிற கடைகளில் கலர் கொஞ்சம் முன்னே பின்னே போனால் முதலில் போன் போகிற ஆள் பெலிக்ஸ். அறந்தாங்கியிலிருந்து கூப்பிடுவார்கள், கறம்பக்குடியிலிருந்து கூப்பிடுவார்கள், ஒரு தடவை தேவகோட்டைக்காரர் ஒருவர் காரே அனுப்பிக் கூட்டிப்போனார். கலர் டாக்டர் என்று அவனுக்குப் பட்டப்பெயர் உண்டு. அந்த டாக்டருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது.

கண்ணே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். பேப்பர் படிப்பான், பைக் ஓட்டுவான், சுவரில் பல்லி ஓடினால் எதிர்ச் சுவரிலிருந்து சொல்லிவிடுவான். வேப்பிலையும் செங்கல்லும் மட்டும் அவனுக்கு ஏறக்குறைய ஒரே நிறம். தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் பழமா காயா என்று சொல்வான். ரோஸ் கலர் என்று ஊரே ஆசைப்படுகிற நிறம் அவனுக்கு அலசாத வேட்டி மாதிரி ஒரு வெள்ளை.

இது அவனுக்கே தெரியவந்தது இருபத்திரண்டு வயதில். ரயில்வே பரீட்சையில் பாஸாகி, மெடிக்கலுக்குத் திருச்சிக்குப் போனான். அங்கே ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்தார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே ஒரு நம்பர் இருக்கிறது, அதைச் சொல் என்றார்கள். முதல் பக்கத்து நம்பரைச் சொல்லிவிட்டான். அது எல்லாருக்கும் தெரிகிற பக்கமாம். இரண்டாவது பக்கத்தில் புள்ளிகள் மட்டும்தான் இருந்தன. மூன்றாவதிலும் அப்படியே. பக்கத்து அறையில் இன்னொரு பையன் நம்பர்களை மளமளவென்று ஒப்பிப்பது கேட்டது. சொந்த ஊரான ஆவூருக்குத் திரும்பி வந்து அப்பாவிடம் கண்ணில் பவர் குறைச்சல் என்று சொன்னான். சொன்ன பொய்க்குக் காவலாக ஒரு வருஷம் வெறும் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தான்.

கல்யாணமான மூன்றாம் மாதம் ஷர்லி கண்டுபிடித்துவிட்டாள். சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து, இந்தப் பச்சை உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று மனதாரப் பாராட்டியிருக்கிறான். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் சட்டைகளை அவளே எடுத்து வைக்கிறாள். அவளைத் தவிர அந்த ரகசியம் வேறு யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவன் பிளக்ஸ் கடைக்கு வந்தது வேறு வேலை கிடைக்காததால். கீழ இரண்டாம் வீதியில் ராம்நாத் நடத்துகிற கடையில் ஏணி ஏறி போர்டு கட்டத்தான் சேர்ந்தான். பிறகு கம்ப்யூட்டர். பிறகு பத்தடி மெஷின் வந்தது. அதைப் பூட்டிக்கொடுக்க வந்த கோயம்புத்தூர் இன்ஜினியர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "கண்ண நம்பாதீங்க பாஸ். கண்ணு பொய் சொல்லும். நம்பர் பொய் சொல்லாது." அவர் எல்லாக் கடையிலும் சொல்கிற வார்த்தைதான் அது. பெலிக்ஸுக்கு மட்டும் யாரோ நேராகத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது.

நம்பர் என்று அவர் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு பிளக்ஸ் ரோலும் மையை ஒவ்வொரு விதமாகக் குடிக்கும். அதனால் புது ரோல் வந்தால் முதலில் ஆயிரம் சின்னச் சின்னக் கட்டங்களை அதில் அடித்து, நன்றாகக் காயவைத்து, ஸ்பெக்ட்ரோ என்கிற கைக்கு அடக்கமான கருவியை வரிசை வரிசையாக ஓட்டி அளக்க வேண்டும். எந்த மை எவ்வளவு விழுந்தால் இந்த ரோலில் என்ன கலர் வருகிறது என்று கருவி எண்ணாகச் சொல்லும். அதையெல்லாம் சேர்த்து மெஷினுக்கு எழுதிக் கொடுக்கிற கணக்குத்தான் புரொஃபைல். அந்த எண்களில் 'ஏ' என்று ஒன்று உண்டு. கூட்டலில் போனால் சிவப்பு, கழித்தலில் போனால் பச்சை. கர்த்தர் தன் கண்ணில் வைக்க மறந்ததை யாரோ ஒரு டப்பாவுக்குள் வைத்துத் தந்திருக்கிறார்கள் என்று பெலிக்ஸ் அன்றைக்கு நினைத்தான்.

மற்றக் கடைகளில் கண் உள்ளவர்கள் கண்ணை நம்பி அரைகுறையாகப் புரொஃபைல் போட்டார்கள். மை காயுமுன் அளந்தார்கள், ஒரு ரோலுக்குப் போட்டதைப் பத்து ரோலுக்கு ஓட்டினார்கள். பெலிக்ஸுக்கு அந்தச் சொகுசு கிடையாது. காயும்வரை காத்திருந்தான், மூன்று முறை அளந்தான், ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டை வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் எண்ணை எழுதி வைத்தான். அதனால் மாவட்டத்திலேயே சரியான கலர் அவன் மெஷினில்தான் வந்தது. டிசைனர் காவ்யா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு இன்ஜினியரின் மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தான். கண்ணை நம்பாதே. இரண்டு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

உலகத்தில் அவனுக்குப் பயம் ஒரே ஒரு கேள்விதான். இது என்ன கலர்? வாடிக்கைக்காரர்கள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றால் அடுத்து அதுதான் வரும். அதற்கும் சில தந்திரங்கள் வைத்திருந்தான். கேட்டவர்களிடமே திருப்பி, நீங்க என்ன கலர்னு சொல்வீங்க என்பான். ஊருக்கு ஊர் பேர் மாறுதுங்க, அதான் கேக்குறேன் என்பான். அவர்கள் அரக்கு என்றோ மாதுளை என்றோ சொன்ன பிறகு, அதேதான் என்று தலையாட்டுவான். பதினாலு வருஷம் இப்படியே ஓட்டிவிட்டான். ஓட்டிவிட்டான் என்பதற்காகப் பயம் போய்விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஷட்டரைத் தூக்கும்போது இன்றைக்குத்தான் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றும்.

மாட்டிக்கொண்டது ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை.

அன்று காலை பத்து மணிக்கு ஹேமா வந்தாள். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பெண், சென்னையில் வேலை. வெள்ளிக்கிழமை கல்யாணம். வீட்டு வாசலில் நிற்கப்போகிற இருபதடி போர்டுக்குத் தன் படத்தைத் தானே பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள். அவள் அப்பா முத்துராமன் கடை முதலாளி ராம்நாத்துக்குப் பங்காளி. ஆகவே இந்த போர்டு தப்பானால் ராம்நாத் பங்காளிகள் வீடுகள் இருக்கிற அந்த வளவுக்குள் தலைகாட்ட முடியாது. அவர் காலையிலேயே இரண்டு தடவை பெலிக்ஸிடம் சொல்லிவிட்டார்.

ஹேமா நல்ல கறுப்பு. வந்து உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு விஷயம். என்னைய செவப்பாக்கிடாதீங்க. நிச்சயத்துக்கு வேற எடத்துல அடிச்சாங்க. அதுல நிக்கிறது யாருன்னு எங்கப்பாவே கேட்டாக. சின்ன வயசுலேருந்து ஆளாளுக்கு மஞ்சளப் பூசு, கடலை மாவப் பூசுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. எங்க வீட்டு வாசல்ல நான் நானா நிக்கணும். ஒங்க கடையிலதான் உள்ளது உள்ளபடி வரும்னாங்க."

பெலிக்ஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் மூஞ்சியை வெளுப்பாக்கு என்று கழுத்தறுக்கிற ஊரில் உண்மைக் கலர் கேட்டு ஒருத்தி வந்திருக்கிறாள். காவ்யாவைக் கூப்பிட்டு, இந்த முகத்தில் மவுஸே படக்கூடாது என்று ஹேமாவின் முன்னாலேயே சொன்னான். காவ்யா சரி என்றாள். அவள் முகம் ஏனோ இரண்டு வாரமாகவே சரியில்லை. பெலிக்ஸ் அதைக் கவனித்தான், கேட்கவில்லை.

முகத்தை மட்டும் மூன்றடிக்கு மாதிரி அடித்துக் காட்டினார்கள். ஹேமா கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அண்ணே, செவப்பா இருக்கேனே."

பெலிக்ஸ் கம்ப்யூட்டரில் பார்த்தான். யாரும் தொடவில்லை. ஒருவேளை போட்டோ எடுத்தவர் வெளிச்சத்தை ஏற்றியிருப்பார் என்று நினைத்து, கொஞ்சம் எறக்கித் தாரேம்மா என்று வெளிச்சத்தைக் குறைத்து இரண்டாவது அடித்தான். இப்பவும் செவப்பாத்தான் இருக்கு என்றாள். இன்னும் குறைத்தான். மூன்றாவது மாதிரி வெளியே வந்தபோது ஹேமா மூன்றையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இப்ப நான் கறுப்பாவும் இருக்கேன், செவப்பாவும் இருக்கேன். வெத்தலையப் போட்டு மூஞ்சியில துப்புன மாதிரி இருக்குண்ணே."

அப்போதுதான் பெலிக்ஸுக்கு உறைத்தது. அவள் வெளுப்பைச் சொல்லவில்லை. சிவப்பைச் சொல்கிறாள். நிஜச் சிவப்பை. நம் ஊரில் வெளுத்த தோலுக்கும் செவப்பு என்றுதான் பெயர், மிளகாய்ப் பழத்துக்கும் அதே பெயர்தான். எந்தச் செவப்பு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கண் உள்ளவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பெலிக்ஸ் மூன்று ஹேமாக்களுக்கு முன்னால் நின்றான். ஒன்றைவிட ஒன்று இருட்டாக இருப்பது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

இரண்டு வாரமாக வந்தவர்கள் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. கறம்பக்குடிக்காரர் காதணி விழா போர்டை வாங்கிக்கொண்டு, பிள்ளைக நல்லா செவப்பா வந்திருக்கு என்றார். கண்ணீர் அஞ்சலி அடித்துப் போனவர், பெரியப்பா உசுரோட இருந்தப்பகூட இவ்வளவு செவப்பா இல்ல என்று திருப்தியாகச் சொன்னார். இவனும் சிரித்துக்கொண்டே பையில் போட்டுக் கொடுத்தான். அவர்கள் எல்லாம் எதைச் சொன்னார்கள்?

சத்தம் கேட்டு ராம்நாத் கேபினிலிருந்து எழுந்து வந்தார். மாதிரியைப் பார்த்ததும், என்னப்பா இது என்றார். பெலிக்ஸின் கை பழக்கத்தில் ஸ்பெக்ட்ரோவை எடுத்து முகத்தின் மேல் வைத்தது. கம்ப்யூட்டரில் இருந்த எண்ணும் போர்டில் இருந்த எண்ணும் ஒன்றரை எண் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போயின.

"நம்பர் சரியா இருக்கு சார்," என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் வினையாகிவிட்டது. புரொஃபைல் சரி என்றால் தப்பு எங்கே? ராம்நாத் காவ்யா பக்கம் திரும்பினார். போன வருஷம் ஒரு மாப்பிள்ளைக்கு உதட்டுச் சாயம் பூசியதுபோல் கலரை ஏற்றிவைத்த பழைய குற்றம் அவள் பேரில் இருந்தது. இந்தத் தடவை நான் தொடவே இல்லை சார் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையை இப்படி அழவைத்துவிட்டாயே என்று ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் இது சரியாகாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதில் முடித்தார். ஹேமா அஞ்சு மணிக்கு வருவதாகவும், அப்போதும் இப்படியே இருந்தால் திருச்சிக்குப் போய் அடித்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாள்.

காவ்யா ஒரே ஒரு தடவை பெலிக்ஸைப் பார்த்தாள். அவன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மை டப்பாக்களைத் தூக்கிப் பார்த்தான். மை தெளிக்கிற ஹெட்டைக் கழுவினான். ஹீட்டர் சூட்டைச் சரிபார்த்தான். பழைய கட்டங்களை மறுபடி அடித்து மறுபடி அளந்தான். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று கருவி சொல்லிக்கொண்டே இருந்தது. அவனுக்கு இருந்தது இந்த ஒரே ஒரு ஊன்றுகோல். அது பொய் சொல்கிறது என்றால் அவன் கலர் டாக்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. திருச்சியில் அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்துக்கு முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ஆள்தான்.

மாதிரியைப் போனில் படம் பிடித்து ஷர்லிக்கு அனுப்பினான். அவள் வேலை பார்க்கிற ஸ்கூலில் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். போன் கேமரா தன் இஷ்டத்துக்குக் கலரைத் திருத்திக்கொள்ளும் என்பது அவனுக்கே தெரியும். ஆசைக்கு அனுப்பியதுதான். அப்புறம் நடந்ததைச் சொன்னான். ஷர்லி முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பிள்ளை திட்டு வாங்குனப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

பெலிக்ஸ், வேலை கிடக்கு என்று போனைக் கட் பண்ணினான். சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமலே வைத்தான்.

மேசை டிராயரில் அந்த நோட்டு இருந்தது. வேறு வழி தோன்றாமல் புரட்டினான். ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் வந்த புது ரோலின் பக்கத்தில் அவன் கையெழுத்து இருந்தது: 'வெள்ளையில் ஏ கழித்தல் மூன்றரை. வழக்கத்தைவிடப் பச்சை. புது லாட்.' எழுதும்போதே ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. புது ரோல், புது வெள்ளை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறான். இப்போது பக்கங்களைப் பின்னால் புரட்டி, போன தை மாதம் ஒட்டிய துண்டுக்கு வந்தான். பக்கத்தில் ஏ கூட்டல் ஒன்று என்று எழுதியிருந்தது. ஸ்பெக்ட்ரோவை அதன் மேல் வைத்து அழுத்தினான். கழித்தல் மூன்றரை.

இன்னொரு துண்டு. இன்னொன்று. ஐந்து ரோல், ஐந்து கம்பெனி. ஐந்தும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாலரை எண் பச்சைப் பக்கம் நகர்ந்திருந்தன. நோட்டுக்குள் மூடிக் கிடந்த துண்டுகள் ஐந்தும் ஒரே அளவுக்கு மாறுமா? மாறியது துண்டு இல்லை. கருவி. உலகத்தையே பச்சையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பச்சையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு புரொஃபைல் ஒவ்வொரு முகத்திலும் சிவப்பைக் கொட்டியிருக்கிறது. திருத்தியது சரியா என்று அதே கருவியைக் கேட்டால் அது வேறென்ன சொல்லும்?

ஸ்பெக்ட்ரோவை வைக்கிற தட்டில் ஒரு சின்ன மூடி உண்டு. மூடியைத் தள்ளினால் உள்ளே ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளை வட்டம். பீங்கான். தினமும் காலையில் கருவி அதைப் பார்த்துத்தான் எது வெள்ளை என்று தெரிந்துகொள்ளும். அந்த வெள்ளையில் ஏதோ ஏறியிருந்தால் எல்லாமே தப்பு. பெலிக்ஸ் மூடியைத் தள்ளினான். ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். வெள்ளை. அவன் கண்ணுக்கு அது வெள்ளைதான்.

ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு துடைப்பு துடைத்துவிட்டு, சத்தமில்லாமல் புதுப் புரொஃபைல் போட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. நேர்மையாகச் சொன்னால் யோசனை மட்டும் வரவில்லை, கை பாட்டிலுக்கே போய்விட்டது. ஆனால் மறுபடி அடித்தது சரியாக வந்தால் ராம்நாத் என்ன நினைப்பார்? காவ்யா தன் தப்பைத் திருத்திக்கொண்டாள் என்று நினைப்பார். கருவியில்தான் கோளாறு என்று இவன் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும். இரண்டு வாரமாக ஊரே செவப்பாக வருகிறதே, பக்கத்திலேயே நின்ற நீ பார்க்கவில்லையா? பதினாலு வருஷமாக அவன் ஒளிந்துகொண்டிருந்தது இந்தக் கேள்வியிடமிருந்துதான்.

அந்தப் பக்கம் காவ்யா தன் டிபன் பாக்ஸையும் குடையையும் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்றரைகூட ஆகவில்லை. ராம்நாத் கணக்கு மேசையில் உட்கார்ந்து அதைப் பார்க்காதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காவ்யா, இங்கிட்டு வா," என்றான் பெலிக்ஸ். குரல் தனக்கே கேட்கவில்லை போலிருந்ததால் மறுபடி கூப்பிட்டான். "இந்தத் தட்டு வெள்ளையா இருக்கா பாத்துச் சொல்லு."

காவ்யா குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ரோஸா இருக்குண்ணே." தட்டை வாங்கி மறுபடி பார்த்துவிட்டு, "நாந்தாண்ணே" என்றாள்.

ஆயுத பூஜை அன்று கடையில் சந்தனம் குங்குமம் வைக்கிற பொறுப்பு அவளுடையது. மெஷினுக்கு, கம்ப்யூட்டருக்கு, கத்தரிக்கோலுக்கு, ஏணிக்கு, மவுஸுக்குக்கூட வைத்தாள். குங்குமம் வாங்காத ஒரு சாமானும் அன்று கடையில் இல்லை. பெலிக்ஸ் சாயங்காலம் வந்து பொரிகடலை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். ஸ்பெக்ட்ரோ தட்டின் மூடியைத் தள்ளியபோது உள்ளே பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம் இருந்திருக்கிறது. பொட்டு வைப்பதற்கென்றே செய்துவைத்த இடம் போல இருந்ததாம். நடு மத்தியில் வைத்துவிட்டாள். அண்ணன் கருவியை யாரும் தொடக்கூடாது என்பது மறுநாள்தான் ஞாபகம் வர, பயந்துபோய் துப்பட்டா நுனியை நனைத்துத் துடைத்து மூடிவிட்டாள். அவள் கண்ணுக்கு அப்போது போய்விட்டது போலத்தான் இருந்ததாம்.

ராம்நாத் எழுந்து வந்து தட்டை வாங்கிப் பார்த்தார். காவ்யாவைத் திட்டப் போகிறார் என்று பெலிக்ஸ் நினைத்தான். அவர் அவனைத்தான் பார்த்தார்.

"இது ரோஸுன்னு எனக்கே தெரியுது. நீ தெனம் காலையில தொறந்து மூடுற தட்டு. நீ பாக்கலயா?"

வந்துவிட்டது. அவசரத்துல கவனிக்கல சார் என்று ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஒரு வசவோடு முடிந்திருக்கும்.

"பாத்தேன் சார். எனக்கு வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. இப்பவும் வெள்ளையாத்தான் தெரியுது." ஸ்பெக்ட்ரோவை மேசைமேல் வைத்தான். "எனக்குச் செவப்பு தெரியாது சார். பச்சையும் தெரியாது. பொறந்ததுலேருந்தே அப்படித்தான்."

மெஷினின் காற்றாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ராம்நாத் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது பெலிக்ஸுக்கு.

பேசியது காவ்யாதான். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அண்ணே, ரெண்டு வாரமா எனக்கு எல்லாமே செவப்பாத் தெரிஞ்சுச்சு. நீங்க நம்பர் சரின்னீங்க. அப்ப எங் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். சனிக்கிழமை லீவு சொல்லிட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்."

பெலிக்ஸ் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "புள்ளிப் புத்தகம் காட்டுனாங்களா?" என்று கேட்டான்.

"ஆமாண்ணே."

"எத்தன நம்பர் தெரிஞ்சுச்சு?"

"எல்லாமே தெரிஞ்சுச்சு. கண்ணு நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. நாந்தான் நம்பல. வேற ஆஸ்பத்திரி போவணும்னு இருந்தேன்."

பெலிக்ஸால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு பக்கம் விடாமல் எல்லா நம்பரையும் படித்த கண். அதை நம்பாதே என்று இரண்டு வருஷமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். தனக்கு இல்லாததை அவளிடமிருந்தும் பிடுங்கிவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. பயத்தைவிட அந்த வெட்கம்தான் அதிகமாகச் சுட்டது.

"ஊருபூரா ஒன்னைய கலர் டாக்டர்னு சொல்லி வச்சிருக்கேனேப்பா," என்றார் ராம்நாத் கடைசியில். கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். பிறகு மணியைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு அந்தப் பிள்ள வந்துரும். மொதல்ல அதப் பாருங்க ரெண்டு பேரும்." நாளைக்கு என்ன சொல்வார் என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

பெலிக்ஸ் மெல்லிய துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு வெள்ளை வட்டத்தைத் துடைத்தான். போச்சா என்று காவ்யாவைக் கேட்டான். அவள் குனிந்து, ஓரத்துல இன்னும் இருக்குண்ணே என்றாள். துணியை அவள் கையிலேயே கொடுத்தான். அவள் துடைத்துக்கொண்டே வந்து, இப்ப வெள்ளை என்று சொன்ன பிறகு, தை மாதத்துத் துண்டின் மேல் கருவியை வைத்தான். ஏ கூட்டல் ஒன்று. கண் சொன்னதும் நம்பர் சொன்னதும் ஒன்றாக வந்துவிட்டன. அதற்கப்புறம் ஆயிரம் கட்டங்களையும் புதிதாக அடித்தார்கள். இரண்டு ஃபேனைத் திருப்பிவைத்துக் காயவைத்தார்கள். அவன் வரிசை வரிசையாக அளந்தான். அவள் ஒவ்வொரு வரிசையையும் பக்கத்தில் நின்று பார்த்தாள். சந்தேகப்பட்ட இடத்தில் வாயைத் திறந்து சொன்னாள். முதல் இரண்டு தடவை தயங்கித்தான் சொன்னாள்.

ஹேமா ஐந்துக்கு முன்பே வந்துவிட்டாள். குறைத்த வெளிச்சத்தைப் பழையபடி வைத்து அடித்த நாலாவது மாதிரி மெஷினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கிட்டே போகாமல் தள்ளியே நின்று பெலிக்ஸைக் கேட்டாள்.

"நீங்க பாத்தீங்களாண்ணே? இப்பச் சரியா இருக்கா?"

பதினாலு வருஷத்துத் தந்திரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. கணக்கு மேசையில் ராம்நாத் தலையைத் தூக்காமல் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றான் பெலிக்ஸ். "எங் கண்ணுக்குச் செவப்பு தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

ஹேமா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் மாதிரியிடம் போனாள். வளையல்களை மேலே ஏற்றிவிட்டு முன்கையை அந்த மூன்றடி முகத்தின் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். கை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று நெடுநேரம் தேடினாள். பெலிக்ஸும் பார்த்தான். அவனுக்குக் காலையில் முதலில் அடித்ததும் இதுவும் ஒன்றுதான்.

"நாந்தான்," என்றாள் ஹேமா.

பெலிக்ஸ் காவ்யாவைப் பார்த்தான். அவள் கன்னத்தையும் கையையும் தானும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆமாண்ணே என்று தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் அவன் இருபதடி போர்டுக்கு மெஷினை ஓடவிட்டான்.